சாகாத புல்லும் ஒரு திருட்டுப் பழியும்: தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் கிளைபோசேட்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்தில் நான் கண்டக்டராக வேலை பார்த்தேன். பஸ் கண்டக்டர் இல்லை, வேலைக்காட்டில் ஆட்களை மேற்பார்க்கும் கண்டக்டர். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் டிக்கெட் கேட்டுச் சிரிப்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2021 தொடக்கத்தில் ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் இடத்தில், மருந்தடிக்கும் கும்பலின் தலைவரான மண்டோர் அண்ணன்மேல் திருட்டுப் பழி விழுந்தது. 14ஆம் நம்பர் காட்டில் மூன்று முறை களைக்கொல்லி அடித்தாகிவிட்டது. மண்சாலை ஓரத்திலும் அறுவடைப் பாதையிலும் புல் பச்சைப்பசேலென்று நிற்கிறது. ஸ்டோர் கணக்கிலோ மருந்து ஒழுங்காகக் குறைந்திருக்கிறது. புல்லுக்குப் போகாத மருந்து எங்கே போனது? தோட்ட மேனேஜரான துரை கேட்டது அவ்வளவுதான். பதிலை எல்லாரும் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்கள். வெளியே சின்னத் தோட்டக்காரர்களுக்குப் பாதி விலையில் மருந்து கைமாறுவது இந்தப் பக்கம் கேள்விப்படாத விஷயம் இல்லை. விசாரணை முடியும்வரை மண்டோருக்குக் கிடைக்கும் மாதப்படியை நிறுத்தி வைத்தார்கள். விசாரித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

மண்டோர் அண்ணன் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “தம்பி, நீங்க போய்ப் புல்லப் பாருங்க. என்னப் பாக்காதீங்க.”

போய்ப் பார்த்தேன். முதல் துப்பு அங்கேயே கிடந்தது, மூன்று மாதமாக யாரும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். பாதையில் எல்லாப் புல்லும் பச்சையாக இல்லை. மெல்லிலைச் செடிகள் கருகியிருந்தன, கொடிகள் வாடித் தொங்கின, பிற புல்வகைகளும் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன. நின்றது ஒரே வகை. மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்பார்கள், நம் ஆட்கள் சம்பாவ் புல் என்கிறார்கள். விரல் விரித்தது மாதிரி கதிர், தரையோடு தட்டையாகக் கிடக்கும் தண்டு, இழுத்தால் கை எரியுமே தவிர வேர் வராது. இது நம் கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம். ஆப்பிரிக்காவில் கேழ்வரகு பயிராக உருவானதில் இந்தப் புல்லின் வம்சத்துக்கும் பங்கு உண்டு என்பது தாவரவியலில் உறுதியான செய்தி. கூழுக்கு ஆகிற சொந்தம் ஒரு பக்கம், குடியைக் கெடுக்கிற சொந்தம் இன்னொரு பக்கம்.

மருந்தைத் திருடி விற்றுவிட்டுத் தண்ணீரைக் கலந்து அடித்திருந்தால் எல்லாச் செடியும் அரைகுறையாகத் தப்பியிருக்க வேண்டும். ஒரு சாதி மட்டும் முழுசாகப் பிழைத்து மற்றதெல்லாம் செத்திருந்தால், பம்புக்குள் மருந்து இருந்திருக்கிறது என்றுதான் பொருள். இதை அன்றைக்கே துரையிடம் சொன்னேன். “அப்படியென்றால் ஏன் சாகவில்லை, அதையும் சொல்லு” என்றார். நியாயமான கேள்விதான்.

மருந்து என்ன செய்கிறது

நாங்கள் அடித்தது கிளைபோசேட். கடைகளில் கிடைக்கும் 41 சதவீத ஐசோபுரோப்பைலமீன் உப்புக் கரைசல். மூலக்கூறு சின்னது: கிளைசின் என்னும் மிக எளிய அமினோ அமிலத்தோடு ஒரு பாஸ்போனேட் தொகுதி ஒட்டியிருக்கிறது. 1970இல் மான்சாண்டோவில் ஜான் பிரான்ஸ் என்னும் வேதியியலாளர் இதன் களைக்கொல்லும் குணத்தைக் கண்டார். 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அது முதலில் இறங்கிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று, நம்முடைய பால்மர (ரப்பர்)த் தோட்டங்களுக்காக. இங்கே அப்போது இருந்த பெரிய தலைவலி லாலாங் என்னும் புல். மேலே வெட்டினால் கீழே கிழங்குத் தண்டிலிருந்து மறுபடி கிளம்பும். அதற்கு முன்னால் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அது மாட்டையும் கொல்லும், ஆளையும் கொல்லும். கிளைபோசேட் இலையில் பட்டுச் செடியின் சாற்றோடு இறங்கி வேர்வரை போனது. லாலாங் அடியோடு போனபோது என் அப்பா தலைமுறை அதை ஒரு வரமாகத்தான் பார்த்தது. அதில் தப்பு சொல்ல மாட்டேன்.

செடி தனக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களை, அதாவது பினைல்அலனின், டைரோசின், டிரிப்டோபான் ஆகியவற்றை, சிக்கிமேட் பாதை என்ற வழியில் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த வழியில் ஒரு நொதி உண்டு, சுருக்கமாக இபிஎஸ்பிஎஸ். அந்த நொதியின் இருக்கையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகு, மற்றவருக்காகப் போட்ட இலையில் கிளைபோசேட் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் சம்பந்தி இலையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற ஆள் மாதிரி. பந்தி நின்றுபோகிறது. புரதம் கட்ட முடியாமல் செடி குருத்திலிருந்து மஞ்சளாகி, ஒரு வாரம் பத்து நாளில் சாய்கிறது. மனிதனுக்கும் மாட்டுக்கும் இந்தப் பாதையே இல்லை. நேரடி நச்சுத்தன்மை குறைவாக இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

முன்பு நாங்கள் அடித்த இன்னொரு களைக்கொல்லியான பேரக்குவாட் வேறு ஜாதி. அது ஒளிச்சேர்க்கையில் ஓடும் எலக்ட்ரானைத் தட்டிப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கும். செல்லின் சவ்வு எரிந்துபோகும். காலையில் அடித்தால் வெயிலில் மத்தியானமே கருகும், வேருக்கு இறங்காது. தவறி வயிற்றுக்குள் போனால் நுரையீரலில் சேர்ந்து அதைத் தழும்பாக்கிவிடும், மாற்று மருந்து கிடையாது. எங்கள் கும்பலில் இருந்த அக்கா ஒருவருக்கு அந்தக் காலத்தில் கைநகம் கருத்து உதிர்ந்தது, அடிக்கடி மூக்கில் இரத்தம் வரும். மலேசியா 2002இல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தடை வந்தது சரியே. அதைத் தள்ளிப்போட்ட வருஷங்களில் எத்தனை நகங்கள் உதிர்ந்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் எங்கள் வழக்குக்கு அந்தத் தேதி முக்கியம்: அதுவரை இரண்டு மருந்தும் மாறி மாறி அடித்த காட்டில், 2020 முதல் கிளைபோசேட் மட்டும் மிஞ்சியது.

மூடி, தண்ணீர், மழை

விசாரணையை மூடியிலிருந்து தொடங்கினேன். எங்கள் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு 3 லிட்டர் மருந்து, 450 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. 16 லிட்டர் பம்பு என்றால் ஹெக்டேருக்கு 28 பம்பு, பம்புக்குச் சுமார் 107 மில்லி. ஆட்கள் ஒரு தோம்பின் மூடியால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூடியைக் கொண்டுவந்து ஊசிக் குழாயால் அளந்தேன். சரியாக இருந்தது, கொஞ்சம் கூடவே இருந்தது.

அப்புறம் நடை. மண்சாலையில் நூறு மீட்டர் கயிறு போட்டு, பச்சைத் தண்ணீரை அடிக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். நோசில் ஒன்று தேய்ந்து ஒரு பக்கம் ஒழுகியது. மற்றது பரவாயில்லை. நோசிலை மாற்றினோம். ஆனால் தேய்ந்த நோசில் மருந்தைக் கூடத்தான் விடும், குறைக்காது.

தண்ணீரில்தான் ஒரு பாதி விடை கிடைத்தது. கும்பல் பம்பு நிரப்பியது காட்டு ஓரத்துக் கால்வாயில். இந்தக் கரையோர மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால்வாய் வெட்டினால் சில இடங்களில் தண்ணீர் செங்கல் நிறத்தில் வரும், கரையில் எண்ணெய் மாதிரி மினுங்கும். கடல் களிமண்ணுக்குள் இருக்கும் பைரைட் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமும் இரும்பும் வெளியேறுவதால் வரும் நிறம் அது. கிளைபோசேட் உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் குணம் உள்ளது. இரும்பு, அலுமினியம் என்றால் இன்னும் இறுக்கமாகக் கவ்வும். கலங்கிய தண்ணீரில் மிதக்கும் களிமண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். பம்புக்குள் ஊற்றிய மருந்தில் ஒரு பங்கு இலையைப் பார்க்கும் முன்பே இரும்போடும் மண்ணோடும் குடித்தனம் நடத்தப் போய்விடுகிறது. சுண்ணாம்புத் தன்மையுள்ள கடினத் தண்ணீர் என்றால் அமோனியம் சல்பேட் சேர்த்துச் சமாளிக்கலாம். சேற்றுத் தண்ணீருக்கு அப்படி வைத்தியம் இல்லை, வேறு தண்ணீர் கொண்டுவருவது ஒன்றுதான் வழி.

ஸ்டோர் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடிக்கத் தொட்டி வைத்தோம். மழைத் தண்ணீரில் கலந்து, காலை எட்டு மணிக்கு அடித்து, அன்றைக்கு மழை இல்லாமல் பார்த்துக்கொண்டு நாலாவது முறை அடித்தோம். மற்ற களைகள் முன்னைவிடச் சுத்தமாகச் செத்தன. சம்பாவ் புல் மட்டும் இலை நுனி லேசாக வெளுத்து, மூன்றாம் வாரம் புதுக் குருத்து விட்டது. அந்தக் குருத்தைப் பார்த்தபோதுதான் எனக்குள் சந்தேகம் உறுதியானது.

கோவில் வாசல் புல்

சந்தேகம் எதிர்ப்புத் திறன்மேல். அதை நிரூபிக்க வேண்டுமென்றால், ஒருபோதும் மருந்து படாத அதே புல் வேண்டும். தோட்டத்தில் மருந்து படாத இடம் எங்கே? யோசித்து யோசித்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இருக்கும் மாரியம்மன் கோவில் வாசலுக்கு வந்தேன். ஆடி மாதத் திருவிழாவுக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்து கையால் பிடுங்குவார்கள், அம்மன் வாசலில் மருந்து அடிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். வேலிக்கு வெளியே சிதறிக் கிடந்த புல்லிலிருந்து விதை எடுத்தேன். 14ஆம் காட்டுச் சாலை ஓரத்திலிருந்தும் எடுத்தேன். இரண்டையும் நாற்றுப்பையில் விதைத்து, நாலு இலை விட்டபோது ஒரே நாளில் ஒரே பம்பால் அடித்தேன்: ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குப் பாதி அளவு, ஒன்றுக்கு முழு அளவு, அப்புறம் இரட்டிப்பு, நாலு மடங்கு.

மூன்று வாரத்தில் கோவில் புல் முழு அளவிலேயே செத்துப்போயிருந்தது. சாலை ஓரத்துப் புல் நாலு மடங்கிலும் பெரும்பாலும் பச்சையாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீஸ் வராந்தாவில் வைத்தேன். விளக்கிச் சொல்லத் தேவையே வரவில்லை.

இதில் எனக்கே வெட்கமான ஒரு விஷயம் உண்டு. இந்தப் புல் கிளைபோசேட்டுக்கு அடங்காததை முதலில் கண்டது வேறு எங்கோ இல்லை, இதே தெலுக் இந்தான் வட்டாரத்தில், 1997இல். ஆஸ்திரேலியாவில் ரைகிராஸ் என்னும் புல்லில் 1996இல் பதிவானதுக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே இரண்டாவது இனம் இதுதான். மலேசியப் புல்லை ஆராய்ந்து 2002இல் காரணத்தையும் வெளியிட்டார்கள்: இபிஎஸ்பிஎஸ் நொதியில் 106ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் இருந்தது. ஒரே ஒரு மாற்றம். பந்தியில் இலை போட்ட இடம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி எப்படியோ சமாளித்து உட்கார்ந்துகொள்கிறார், அத்துமீறி வந்த ஆளுக்கு இடம் பொருந்தவில்லை. பிற்பாடு 102ஆம் இடமும் சேர்ந்து மாறிய புல்லையும் இதே மலேசியாவில் கண்டார்கள், 2015இல் அது வெளியானது. அந்தப் புல்லுக்குக் கிளைபோசேட் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். பக்கத்து ஊர் விஷயம் பன்னாட்டு இதழ்களில் வந்திருக்கிறது. எங்கள் ஆபீசுக்கு வரவில்லை. நாங்கள் கள்ளனைத் தேடிக்கொண்டிருந்தோம்.

புல் “பழகிக்கொண்டது” என்று கோப்பிக் கடையில் சொல்வார்கள். அது சரியில்லை. எந்த ஒரு தனிப் புல்லும் மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகுவதில்லை. எங்கோ அபூர்வமாக முன்பே மாறியிருந்த செடியை நாம் அடிக்கும் மருந்து விட்டுவைக்கிறது, பக்கத்தில் இருந்த போட்டிக்காரர்களை எல்லாம் கொன்று அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. ஒரு சம்பாவ் செடி பல்லாயிரம் விதை போடும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் மாற்றம் கலைந்துபோவதும் இல்லை. டிராக்டர் சக்கரத்துச் சேற்றிலும் பூட்ஸ் அடியிலும் விதை அடுத்த காட்டுக்குப் பயணம் போகிறது. 14ஆம் காட்டில் புல் நின்ற இடங்களை வரைபடத்தில் குறித்தேன். குலை ஏற்றும் டிராக்டர் திரும்பும் வளைவுகள் ஒவ்வொன்றிலும் அடர்த்தி கூடியிருந்தது.

அப்படியானால் செந்தண்ணீருக்குப் பங்கு இல்லையா? இருந்தது, வேறு வகையில். ஒரு வருஷமாகவே மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று ஆட்கள் சொன்னபோதெல்லாம் தண்ணீர் சரியில்லை, மழை வந்துவிட்டது, ஆள் சரியில்லை என்று ஏதாவது ஒரு சமாதானம் தயாராக இருந்தது. அந்தச் சமாதானங்களில் பாதி உண்மையாகவும் இருந்ததால் மீதி வெளியே தெரியாமல் போனது.

காட்டுக்கு என்ன ஆனது

மூன்று முறை அடித்தது வீண்செலவு மட்டும் இல்லை. 9.2 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டேருக்கு 136 மரம். மரத்தடியில் 2 மீட்டர் ஆரத்தில் வட்டம் மட்டும் அடித்தால் மொத்தம் ஏறக்குறைய 1,700 சதுர மீட்டர், அதாவது நிலத்தில் 17 சதவீதம். அதோடு அறுவடைப் பாதை. அவ்வளவுதான் மருந்து படவேண்டிய இடம். புல் சாகவில்லை என்ற கோபத்தில் மூன்றாவது முறை நிரை முழுக்க, இடைவெளியெல்லாம் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். சம்பாவ் அதிகம் இல்லாத நிரைநடுவில் இருந்த நல்ல பெரணியும் பூச்செடியும் செத்தன, சம்பாவ் நின்றது. இது முழுக்க ஆபீஸ் முடிவு. மருந்துமேல் பழி போட முடியாது.

மண்ணில் விழுந்த கிளைபோசேட் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளில் ஒட்டிக்கொள்கிறது. பாஸ்பேட் உரம் ஒட்டும் அதே இடம்தான், ஏனென்றால் இரண்டுக்கும் வால் ஒரே மாதிரி. ஒட்டியபின் வேர்களுக்கு அது எட்டாது, நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைக்கும். பாதி கரைய மண்ணைப் பொறுத்துச் சில நாளும் ஆகும், பல மாதமும் ஆகும். இடையில் ஆம்ப்பா என்ற பொருள் மிஞ்சி அது இன்னும் நீண்ட நாள் நிற்கும். ஆகவே நிலத்தடி நீருக்கு இறங்குவதைவிட, மழையில் அரிக்கும் மண்ணோடு சேர்ந்து கால்வாய்க்குப் போவதுதான் இதன் முக்கிய வழி. நிரைநடுவை மொட்டையடித்தால் அந்த வழியை நாமே அகலப்படுத்திக் கொடுக்கிறோம்.

கால்வாயில் நான் பார்த்தது வேறு ஒன்றையும் காட்டியது. கும்பல் வேலை முடிந்து பம்பைக் கழுவும் இடத்தில் தலைப்பிரட்டைகள் மிதந்தன. சற்றுத் தள்ளி விராலும் கெளுத்தியும் உயிரோடுதான் இருந்தன. கிளைபோசேட்டைவிட, அது இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் சோப்பு மாதிரியான பொருள், குறிப்பாகக் கொழுப்பு அமீன் வகை, தவளைக் குஞ்சுகளுக்கும் மீனுக்கும் கூடுதல் நஞ்சு. லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது மருந்தின் பெயர். கால்வாயைக் கொல்வது சின்ன எழுத்துப் பொருள்.

அந்த வருஷக் கடைசியில் உலாட் புங்குஸ் என்று எல்லாரும் சொல்லும் பைப்புழு 14இல் ஓலையைத் தின்னத் தொடங்கியது. கீழ்ப்பேராக்குக்கு இது புதிதல்ல, அதனால் மருந்தடித்ததால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புழுவின்மேல் முட்டையிடும் சின்னக் குளவிகள் பூந்தேனை நம்பி வாழ்பவை. அதற்காகத்தானே தோட்ட ஓரங்களில் துர்னெராவும் கசியாவும் நடச்சொல்கிறார்கள்? ஒரு கையால் பூச்செடி நட்டுக்கொண்டு மறு கையால் நிரை முழுக்க மருந்தடிப்பது என்ன கணக்கோ.

ஆள் உடம்பைப் பற்றியும் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் கிளைபோசேட்டை மனிதனுக்குப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியது என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அந்த முடிவை ஏற்கவில்லை. அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. முதுகில் ஒழுகும் பம்பைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நனைந்த சட்டையோடு நடப்பது எந்த மருந்தாக இருந்தாலும் கூடாது என்று மட்டும் தெரியும். வாஷரை மாற்ற சில ரிங்கிட்தான் ஆகும்.

பிறகு

குளுபோசினேட்டுக்கு மாறலாம் என்று சின்ன துரை சொன்னார். அது வேறு நொதியைத் தடுத்து இலைக்குள் அமோனியாவைத் தேங்கவிடும் மருந்து. அதற்கும் அடங்காத சம்பாவ் புல் மலேசியாவில் 2009லேயே பதிவாகியிருந்தது, பேரக்குவாட்டுக்கு அடங்காததும் உண்டு. இன்னொரு மருந்தை மட்டும் நம்பி அதே ஓட்டத்தை ஓடினால் நாலைந்து வருஷத்தில் இன்னொரு மண்டோர்மேல் பழி விழும் என்று சொன்னேன். கடைசியில் மூன்று வேலை செய்தோம். சாலை ஓரத்துப் புல் மூட்டுகளைக் கதிர் முற்றுவதற்குள் மண்வெட்டியால் கொத்தி எடுத்து வெயிலில் கவிழ்த்தோம். மில்லில் பழம் உதிர்த்தபின் வரும் காலிக் குலைகளைப் பாதை ஓரத்தில் மூடாக்காகப் போட்டோம், வெளிச்சம் படாவிட்டால் சம்பாவ் விதை எளிதில் முளைக்காது. 14லிருந்து வரும் டிராக்டர் சக்கரத்தைச் சாலை முனையில் கழுவினோம். மருந்து அதன்பிறகும் அடித்தோம், வட்டத்துக்கும் பாதைக்கும் மட்டும், மழைத் தண்ணீரில், ரகம் மாற்றி மாற்றி.

கொத்துக்குப் போனது பழைய ஆட்கள். கோவில் வாசலில் பிடுங்கிப் பழகிய அக்காக்கள். இரண்டு பருவத்தில் சாலை ஓரத்துப் புல் பாதிக்குக் கீழே இறங்கியது. முழுக்கப் போகவில்லை, போகவும் போகாது, மண்ணுக்குள் விதை கிடக்கிறது.

மண்டோர் அண்ணனின் படியை நாலாவது மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லப்பட்ட பழியைப் பெரட்டில் யாரும் திரும்ப எடுத்துச் சொல்லவில்லை, கவரில் போட்டு ஆபீஸ் ஜன்னலில் கொடுத்தார்கள். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு வராந்தாவில் இன்னும் இருந்த நாற்றுப்பைகளைக் காட்டி, “தம்பி, இது கதிர் விடுது. விதை சிந்துறதுக்குள்ள எடுத்து எரிச்சிடுங்க” என்றார். அன்றைக்குச் சாயங்காலமே எரித்தேன்.